எதிர்த்தட்டில் இருப்பது யார்

பரிணாம உயிரியலிலிருந்து பொதுப்பேச்சுக்கு வந்து சேர்ந்த தொடர்களில் 'தக்கன பிழைத்தல்' அளவுக்குப் புழங்கியதும் இல்லை, கெட்டுப்போனதும் இல்லை. டார்வினைத் திறந்தே பார்க்காதவர்கூட அதைச் சொல்வார்; வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் ஒழிவான் என்று உரையும் தருவார். அந்தத் தொடர் டார்வினுடையதுகூட அல்ல. 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. 'இயற்கைத் தேர்வு' என்றால் யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுப்பதுபோலத் தொனிக்கிறது, அதற்குப் பதில் ஸ்பென்சரின் தொடரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1866-இல் சக இயற்கையியலாளர் வாலஸ் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல், டார்வின் அதைச் சேர்த்துக்கொண்டார். வாலஸின் கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வந்த தொடர் இன்னொரு மயக்கத்தைக் கூட்டிவந்துவிட்டது. உயரத்தைப்போல, எலும்பின் கெட்டியைப்போல, தகுதியும் ஓர் உயிரின் உடம்புக்குள்ளேயே இருக்கும் குணம் என்று அது நம்பவைத்தது. மக்கள்தொகை மரபியலார் நூறாண்டாகக் கணக்கில் வைத்திருக்கும் தகுதி அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு வகைகளுக்கு இடையிலான விகிதம். ஒப்பீட்டுத் தகுதி என்று அதைச் சொல்லலாம். இரண்டாவது வகை எது என்று சொல்லாமல் முதல் வகையின் எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. இந்தத் துறைக்குள் எழுந்த பெரிய குழப்பங்கள் சிலவும், துறைக்கு வெளியே நடந்த பெரிய அநியாயம் ஒன்றும் அந்த இரண்டாவது வகையை மறந்ததால் விளைந்தவை என்பதே என் வாதம்.

வரையறை எளியது. ஒரு வகைச் செடி சராசரியாக, பூத்துக் காய்க்கும் பருவம்வரை தப்பி வளரும் 6 கன்றுகளை விட்டுச் செல்கிறது. பக்கத்தில் வளரும் இன்னொரு வகை 4 கன்றுகளை விட்டுச் செல்கிறது. இவை அவற்றின் தனித் தகுதிகள். பெரிய எண்ணால் இரண்டையும் வகுத்தால் 1, 0.67 என்று வரும். இவை ஒப்பீட்டுத் தகுதிகள். அடுத்த ஆண்டு மழை பொய்க்கிறது. முதல் வகை 0.6, இரண்டாவது வகை 0.4 என்று சுருங்கிவிடுகின்றன. இரண்டுமே அழிவின் பாதையில் இறங்கிவிட்டன. ஆனாலும் ஒப்பீட்டுத் தகுதி மாறவில்லை. அதே 1, அதே 0.67. இது தட்டுத் தராசு. பொருளின் எடையை அது தானாகச் சொல்லாது. எதிர்த்தட்டில் வைத்ததைவிடக் கனமா, லேசா என்றுதான் சொல்லும். இப்படி ஓர் அரைகுறை அளவையை உயிரியலார் ஏன் விரும்பினார்கள் என்று கேட்கலாம். ஒரு தொகையில் எந்த வகையின் பங்கு கூடும், எதன் பங்கு குறையும் என்பதுதான் இயற்கைத் தேர்வு பற்றிய கேள்வி. பங்கைக் கணக்கிட விகிதம் போதும். தொகை பெருகுகிறதா, தேய்கிறதா என்பது அந்தக் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். வகுக்கும் எண்ணாகச் சிலர் தொகையில் மிகச் சிறந்த வகையை வைப்பார்கள், சிலர் தொகையின் சராசரியை வைப்பார்கள். பங்கின் போக்கைக் கணிக்க இரண்டும் ஒரே விடையைத் தரும். அதனால் இந்தத் தேர்வை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பெரிதாக எண்ணியிருக்க வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த அளவையை உலகிலேயே மிகப் பொறுமையாகக் கையாண்டவர் ரிச்சர்ட் லென்ஸ்கி. 1988 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இர்வைனில் அவர் ஒரே ஈ கோலை மூதாதையிடமிருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். குளுக்கோஸ் குறைவாகக் கலந்த நீரில் பாக்டீரியா வளரும். ஒவ்வொரு நாளும் அதில் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவையில் விடுவார்கள். மறுநாளைக்குள் அது நூறு மடங்காகப் பெருகிவிடும். நூறு மடங்கு என்றால் ஏழுக்குச் சற்றுக் குறைந்த இரட்டிப்புகள். அதாவது நாளொன்றுக்கு ஆறரைத் தலைமுறைக்குமேல். 500 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு மாதிரியை உறையவைத்துப் பாதுகாப்பார்கள். இந்தச் சோதனையின் மேதைமை அந்த உறைபெட்டியில்தான் இருக்கிறது. உறைந்த பாக்டீரியாவை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். எனவே 20,000 தலைமுறை வயதான பேரப்பிள்ளையையும் அதன் மூதாதையையும் ஒரே குடுவையில் போட்டு மோதவிடலாம். அராபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தும் திறனில் மட்டும் வேறுபடும் அடையாளம் ஒன்று முன்பே வைக்கப்பட்டிருப்பதால், தட்டில் பரப்பினால் ஒரு தரப்பு சிவப்புப் புள்ளிகளாகவும் மறுதரப்பு வெள்ளைப் புள்ளிகளாகவும் தெரியும். தொடக்கத்தில் ஒருமுறை எண்ணுவார்கள், ஒரு நாள் கழித்து மறுமுறை எண்ணுவார்கள். வேலை முடிந்தது. டார்வின் கற்பனையில் மட்டும் நடத்திய போட்டியை இங்கே விரல்விட்டு எண்ண முடிகிறது.

எண்ணிய பிறகு எதை எதனால் வகுப்பது? இங்கேயே முதல் சிக்கல் வந்துவிடுகிறது. சமமாகக் கலந்த குடுவையில் புதிய வகை ஒரு நாளில் 150 மடங்காகவும் மூதாதை 50 மடங்காகவும் பெருகியதாக வைத்துக்கொள்வோம். வம்சத்தின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் ஒரு நாளில் மூன்று மடங்கு. லென்ஸ்கி வளர்ச்சி வீதங்களை ஒப்பிடுகிறார். புதியது ஏழேகால் முறை இரட்டித்திருக்கிறது, பழையது ஐந்தரை முறைக்குச் சற்று மேல். விகிதம் சுமார் 1.28. ஒரே குடுவை, ஒரே நாள், இரண்டு நேர்மையான எண்கள். 50,000 தலைமுறைக்குப் பின் அவருடைய தொகைகளின் சராசரி ஒப்பீட்டுத் தகுதி ஏறத்தாழ 1.7 என்று 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. தகுதி 70 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று பத்திரிகைகளில் படிக்கும்போது நமக்குள் ஒரு சித்திரம் எழுகிறது: மூதாதையைவிட எல்லா வகையிலும் மேலான ஒரு பாக்டீரியா. அந்தக் குடுவையில், அந்தக் குளுக்கோஸ் அளவில், 37 பாகை வெப்பத்தில், அந்த ஒரு மூதாதைக்கு எதிராக மட்டுமே 1.7. ரைபோஸ் என்ற சர்க்கரையை உண்ணும் திறனை இந்தப் 12 தொகைகளுமே தொடக்க காலத்திலேயே இழந்துவிட்டன. ரைபோஸ் மட்டும் உள்ள குடுவையில் இதே போட்டியை நடத்தினால் 1.7 என்ற பெருமை எங்கே போகும்? இன்னொன்றும் நடந்தது. ஒரு தொகையில் சுமார் 6,000 தலைமுறைக்குப் பின் பெரிய புள்ளியாக வளரும் வகை, சிறிய புள்ளியாக வளரும் வகை என்று இரண்டு வம்சங்கள் பிரிந்தன. பெரியது குளுக்கோஸை வேகமாகத் தின்கிறது. சிறியது பெரியதன் கழிவுகளைத் தின்று பிழைக்கிறது. சிறியது அரிதாக இருக்கும்போது வெல்கிறது, மிகுந்துவிட்டால் தோற்கிறது. இவற்றில் எது தகுதி மிக்கது? எதிர்த்தட்டில் எது இருக்கிறது என்பதோடு, எத்தனை இருக்கிறது என்றும் கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

இதுவரை சொன்னதை ஒருவர் ஏற்றுக்கொண்டு, அதன் பின்னும் தகுதி ஏறுமுகமானது என்றே நம்பலாம். சூழல் மாறாத வரை, ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை வெல்கிறது என்றால், கடைசியில் வந்தது முதலில் இருந்ததையும் வெல்லத்தானே வேண்டும்? எடைகளுக்கு இது பொருந்தும். இரும்பு மரத்தைவிடக் கனம், மரம் நெட்டியைவிடக் கனம் என்றால் இரும்பு நெட்டியைவிடக் கனம். ஒப்பீட்டுத் தகுதியும் எடைபோன்ற குணமாக இருந்தால் அதற்கும் பொருந்த வேண்டும். 1983-இல் ஷார்லட் பாக்வினும் ஜூலியன் ஆடம்ஸும் குளுக்கோஸ் குறைவாகச் சொட்டிக்கொண்டே இருக்கும் கலனில் ஈஸ்ட்டை வளர்த்து இதைச் சோதித்தார்கள். தொகையைப் பிடித்துக்கொண்ட ஒவ்வொரு புது வகையும் தனக்கு உடனே முன்னிருந்ததைத் தெளிவாக வென்றது. ஆனால் பிந்தியவற்றை எடுத்து மிக முந்தியவற்றோடு மோதவிட்டபோது அவற்றின் தகுதி குறைந்திருந்தது. படிக்குப் படி ஏறியும் கீழே வந்து நின்றன. பரிணாமத்தை ஏணியாகப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட வலுவான அடி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆய்வு, ஒரு விந்தை என்ற அளவிலேயே நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஏன் அப்படி ஆனது என்பதற்கான பொறிமுறை கையில் இல்லாததும் ஒரு காரணம்.

அந்தப் பொறிமுறை 2020-இல் வேறொரு ஈஸ்ட் தொகையில் கிடைத்தது. லீஹை பல்கலைக்கழகத்தில் கிரெகரி லாங்கின் குழு ஆயிரம் தலைமுறை வளர்த்த ஈஸ்ட்டில், கடைசி வகை இடைக்காலத்து வகையை வெல்கிறது, இடைக்காலத்து வகை தொடக்க வகையை வெல்கிறது, ஆனால் கடைசி வகை தொடக்க வகையிடம் தோற்கிறது என்று கண்டது. காரணம் ஈஸ்ட்டுக்குள் குடியிருக்கும் ஒரு வைரஸ். அது தன்னை வைத்திருக்கும் ஈஸ்ட்டுக்கு இரண்டைத் தருகிறது: அயலாரைக் கொல்லும் நஞ்சு, அந்த நஞ்சு தன்னையே தாக்காமல் இருக்கக் காப்பு. தொகை முழுவதும் நஞ்சும் காப்பும் உள்ளவர்களாக இருக்கும்போது நஞ்சால் யாரும் சாவதில்லை. பயனற்ற அந்த நஞ்சு முதலில் கைவிடப்பட்டது. நஞ்சே இல்லாத ஊரில் காப்பு எதற்கு? அடுத்து அதுவும் போனது. இப்போது ஆயிரம் தலைமுறைக்கு முந்தைய மூதாதையை, நஞ்சோடு, உறைபெட்டியிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தால், காப்பை இழந்த பேரப்பிள்ளைகள் மடிகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் இயற்கைத் தேர்வு தன் வேலையைச் சரியாகவே செய்தது. எந்த இடத்திலும் தவறு நடக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்த்தட்டில் அப்போது இருந்தது யாரோ அவரை வைத்தே எடை போடப்பட்டது. எப்போதோ மறைந்த மூதாதை எந்தக் கட்டத்திலும் எதிர்த்தட்டில் இல்லை. சூழல் மாறவில்லையே என்று கேட்பவருக்கு விடை இதுதான்: ஓர் உயிரின் சூழலில் பெரும்பகுதி மற்ற உயிர்கள். குடுவையும் குளுக்கோஸும் அப்படியே இருக்க, சுற்றியிருக்கும் சொந்தக்காரர்கள் மாறினால் சூழல் மாறிவிட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே இதை மனிதர்களிடமே பார்க்கலாம். கதிர் அரிவாள் சோகையின் மரபணு வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர் கடும் நோய்க்கு ஆளாகிறார். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்று அந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் 1954-இல் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1952-இல், லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பதை அறிவித்திருந்தார்கள். கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். மலேரியா மிகுந்த இடத்தில் ஒற்றைப் பிரதி உள்ளவரின் தகுதி 1, அறவே இல்லாதவருடையது 0.9, இரட்டைப் பிரதி உள்ளவருடையது 0.1. இந்த மரபணு தொகையில் அரிதாக இருக்கும்போது, அதை வைத்திருப்போர் ஏறத்தாழ எல்லாருமே ஒற்றைப் பிரதிக்காரர்கள். எனவே அது பரவும். 10 சதவீதத்தைத் தாண்டினால் இரட்டைப் பிரதிக்காரர்கள் கூடிவிடுவார்கள். எனவே அது சுருங்கும். சரியாகப் 10 சதவீதத்தில் நிற்கும்போது அதன் ஒப்பீட்டுத் தகுதி மற்றதற்குச் சமம். மலேரியாவை நீக்கிவிட்டால் அது எந்த அளவிலும் நட்டமே. மரபணு ஒன்றுதான், அதன் வேதியியல் மாறவே இல்லை. நல்லது, கெட்டது, சமம் என்ற மூன்று தீர்ப்புகளும் அதற்குப் பொருந்துகின்றன. 2023 ஜூலையில் இந்திய அரசு இந்நோயை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அது செய்யப்பட வேண்டியதே. அந்த மக்களின் மரபணுவையே குறைபட்டது என்று பேசும் வழக்கத்துக்குத்தான் மரபியலில் இடமில்லை.

இப்போது வகுக்கும் எண்ணைப் பற்றி முன்பு விட்ட இடத்துக்கு வரலாம். இந்தக் கதையின் நாயகர் ஜே. பி. எஸ். ஹால்டேன். ஒப்பீட்டுத் தகுதியைக் கணக்காக மாற்றியவர்களில் ஒருவர் அவர். மான்செஸ்டர் பகுதியில் புகைக்கரி படிந்த மரங்களில் கருநிற அந்துப்பூச்சி எத்தனை வேகமாகப் பெருகியது என்பதைக்கொண்டு அதன் சாதகம் ஏறத்தாழ 50 சதவீதம் இருக்க வேண்டும் என்று 1924-லேயே கணக்கிட்டவர். 1957-இல் அவர் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தார். அதே ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை இயற்கைத் தேர்வின் 'செலவை'ப் பற்றியது. பழைய மரபணு வடிவம் ஒன்றை அகற்றிப் புதியது இடம்பிடிக்க வேண்டுமானால், பழையதை வைத்திருப்போர் தலைமுறை தலைமுறையாகக் கூடுதலாகச் சாக வேண்டும். அந்தச் சாவுகளைக் கூட்டினால் தொகையின் எண்ணிக்கையைப்போல 30 மடங்கு வரும்; எனவே ஓர் இனம் சுமார் 300 தலைமுறைக்கு ஒரு மாற்றத்தைத்தான் தாங்கும் என்றார். 1968-இல் மோட்டூ கிமுரா புரதங்களை ஒப்பிட்டு, பாலூட்டிகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு மாற்றம் நிலைபெறுகிறது என்று கண்டார். ஹால்டேனின் கணக்குப்படி இது நடக்க முடியாத வேகம். அதனால் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை தேர்வுக்கு உட்படாத நடுநிலை மாற்றங்கள் என்று முடிவு செய்தார். அந்த முடிவு பெரும்பாலும் சரி என்பது பிற்காலத்தில் வேறு சான்றுகளால் உறுதியானது. அதற்கு வழிகாட்டிய வாதம்தான் ஓட்டையுள்ளது.

ஓட்டை எங்கே என்பதை 1966-இல் ரிச்சர்ட் லெவோன்டினும் ஜான் ஹப்பியும் எதிர்கொண்ட சிக்கலில் தெளிவாகக் காணலாம். பழ ஈக்களில் அவர்கள் ஆராய்ந்த மரபணு இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. இந்த வேறுபாடு ஒவ்வொன்றையும் தேர்வுதான் காத்து நிறுத்துகிறது என்றும், ஒவ்வோர் இடத்திலும் சராசரி ஈ மிகச் சிறந்த ஈயைவிட 1 சதவீதம் மட்டும் தாழ்ந்தது என்றும் கொள்வோம். ஓர் இடத்தில் இது அற்பம். இப்படி 1,000 இடங்கள் இருந்தால் 0.99-ஐ ஆயிரம் முறை பெருக்க வேண்டும். சராசரி ஈயின் தகுதி மிகச் சிறந்த ஈயின் தகுதியில் ஒரு லட்சத்தில் நான்கு பங்கு. அதாவது மிகச் சிறந்த ஈ சராசரி ஈயைப்போல 23,000 மடங்கு வாரிசுகளை விட வேண்டும். எந்த ஈயாலும் ஆகாது. எனவே தேர்வு இந்த வேறுபாடுகளைக் காக்கவில்லை என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த மிகச் சிறந்த ஈ எங்கே இருக்கிறது? ஆயிரம் இடங்களிலும் சிறந்த சேர்க்கையை ஒருசேரப் பெற்ற ஈ இதுவரை பிறந்ததில்லை, இனியும் பிறக்காது. பிறக்காத ஈயை எதிர்த்தட்டில் வைத்துவிட்டு, இருக்கும் ஈக்கள் எல்லாம் லேசாக இருக்கின்றனவே என்று திகைத்தார்கள். 1967-இல் ஒரே ஆண்டில் மூன்று கட்டுரைகள் இதைச் சுட்டிக்காட்டின. உண்மையில் இருக்கும் ஈக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், தொகையில் முன்னணியில் நிற்பவையும் பின்தங்கியவையும் அத்தனை தொலைவில் இல்லை. அந்தத் தகுதிக் குறைவின் பெரும்பகுதி காணாமல் போகிறது. பங்கைக் கணிக்க எதனால் வகுத்தாலும் ஒன்றுதான் என்று இருந்த அலட்சியம், செலவைக் கணிக்கும்போது ஒரு துறையின் தலைசிறந்த மூளைகளைப் பத்தாண்டு அலையவிட்டது.

இத்தனை சொன்ன பிறகு வரும் மறுப்புகளில் புகழ்பெற்றது, இது வெறும் கூறியது கூறல் என்பது. தகுதி என்றாலே அதிக வாரிசு விடுவது. அப்படியானால் தகுதி உள்ளது அதிக வாரிசு விடும் என்பதில் என்ன செய்தி இருக்கிறது? கார்ல் பாப்பரே 1970-களில் இந்த ஐயத்தைச் சொன்னார். 1978-இல் வெளியான உரையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மெய்யியலாளர்கள் மில்ஸும் பீட்டியும் 1979-இல் தந்த விடை, தகுதி என்பது விட்ட வாரிசுகளின் எண்ணிக்கை அல்ல, எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை என்பது. ஒன்றுபோல் இருக்கும் இரட்டையரில் ஒருவர்மேல் இடி விழுந்தால் பிழைத்தவர் தகுதி மிக்கவர் ஆகிவிட மாட்டார். எனக்கு இதைவிட ஹால்டேன் 1927-இல் போட்ட கணக்கு நிறைவளிக்கிறது. 1 சதவீதச் சாதகம் உள்ள புது மரபணு வடிவம் ஒன்று பெரிய தொகையில் ஒரே பிரதியாகத் தோன்றினால், அது நிலைபெறும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதம். அப்படிப்பட்ட நூறில் தொண்ணூற்றெட்டு, தகுதி மிக்கவையாக இருந்தும், வெறும் அதிர்ஷ்டக் கேட்டால் மறைந்துபோகும். கூறியது கூறல் ஒருபோதும் பொய்க்காது. 'தக்கது பிழைக்கும்' என்பதோ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை பொய்க்கிறது. ஈஸ்ட்டின் கதையிலும் அப்படியே: நஞ்சும் காப்பும் யாரிடம் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், எண்ணுவதற்கு முன்பே யார் வெல்வார் என்று சொல்லிவிடலாம்; சொன்னது தவறவும் கூடும்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அது கனமானது. எல்லாம் விகிதம் என்றால் உயிரின் உண்மையான நலம் எங்கே போயிற்று? பருந்தின் கண் கூரியது என்பதும் விகிதமா? கண்ணின் கூர்மை விகிதமல்ல. அதை ஒளியியலால் தனியாகவே அளக்கலாம். அந்தக் கூர்மை வாரிசாக மாறுமா என்பதுதான் எதிர்த்தட்டைப் பொறுத்தது. நலமும் ஒப்பீட்டுத் தகுதியும் எதிரெதிராகவே போகலாம் என்பதற்குச் சுண்டெலிகளிடம் ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. டி என்ற குரோமோசோம் பகுதியை ஒற்றைப் பிரதியாகத் தாங்கும் ஆண் எலியின் குட்டிகளில் பாதிக்குப் பதில் 90 சதவீதத்துக்கு மேல் அதையே பெறுகின்றன. அதே ஆணின் விந்துக்குள் எதிர்த்தட்டில் இருக்கும் சாதாரணப் பகுதியை அது மிக எளிதாக வென்றுவிடுகிறது. இரட்டைப் பிரதியாகச் சேர்ந்தால் அதன் பல வடிவங்கள் கருவிலேயே கொன்றுவிடும், மற்றவை ஆணை மலடாக்கும். எலிக்கு நட்டம், தொகைக்கு நட்டம், டி மட்டும் பரவுகிறது. ஓர் இனம் அழியுமா என்று அறிய விரும்பினால் தனித் தகுதியைத்தான் பார்க்க வேண்டும், சூழலியலார் அதைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒப்பீட்டுத் தகுதியிடம் விடை இல்லை. அது கேட்காத கேள்விக்கு அதைக்கொண்டு விடை சொன்னவர்களால்தான் கேடு வந்தது.

காலக்கெடுவும் இதில் சேர்த்தி என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடலாம். ஒரு வகை ஆண்டுதோறும் 2 மடங்காகிறது. இன்னொன்று மழை ஆண்டில் மூன்றரை மடங்காகவும் வறட்சி ஆண்டில் பாதியாகவும் ஆகிறது. சராசரி இரண்டுக்கும் 2தான். இரண்டு ஆண்டு முடிவில் முதலாவது 4 மடங்கு, இரண்டாவது ஒன்றே முக்கால் மடங்கு. மழை ஆண்டில் மட்டும் எடை போட்டவர் இரண்டாவதற்கே பரிசு கொடுத்திருப்பார். பாலைவனச் செடிகள் மழை வந்தாலும் விதைகளில் ஒரு பகுதியை முளைக்கவிடாமல் மண்ணில் வைத்திருப்பதன் காரணத்தை டான் கோஹன் 1966-இல் விளக்கியது இந்தக் கணக்கால்தான்.

கேட்டுக்கு வருவோம். 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கேரி பக் என்ற வர்ஜீனியப் பெண்ணின் வழக்கில் 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அத்தகைய சட்டம் செல்லும் என்றது. அந்த நாட்டில் மட்டும் 60,000 பேருக்கு மேல் இதற்கு ஆளானார்கள். இனமேம்பாட்டியலார் அவர்களுக்குக் கொடுத்த பெயர் தகுதியற்றவர்கள் என்பது. அதற்கு டார்வினின் அறிவியலைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அந்த அறிவியலின் வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நடந்தது தலைகீழ். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தன. இனமேம்பாட்டியலாருக்கு இருந்த அச்சமே அதுதான். வாரிசு உண்டாகாமல் தடுக்கக் கத்தியும் சட்டமும் தேவைப்பட்டன என்பதே, டார்வினியப் பொருளில் அவர்கள் தகுதியற்றவர்கள் அல்லர் என்பதற்குச் சான்று. எதிர்த்தட்டில் வைக்கப்பட்டது நடப்பில் இருந்த எந்த மனிதக் கூட்டமும் அல்ல, மேல்தட்டினரின் மனத்தில் இருந்த ஓர் இலட்சிய மனிதன்; பிறக்காத அந்த ஈயைப்போலவே பிறக்காதவன்.

இதை அறியாதவர்கள் செய்தார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. ரொனால்ட் ஃபிஷரைவிட இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர் எவருமில்லை. 1930-இல் வெளியான அவருடைய 'இயற்கைத் தேர்வின் மரபியல் கோட்பாடு' நூலில் 12 அத்தியாயங்கள். முதல் ஏழு அத்தியாயங்களில் தகுதி என்றால் வாரிசு எண்ணிக்கைதான், வேறெதுவும் இல்லை. மனிதச் சமூகத்தைப் பற்றிய கடைசி ஐந்து அத்தியாயங்களில், ஏழைகள் அதிகமாகவும் செல்வர்கள் குறைவாகவும் பிள்ளை பெறுவதை அவர் எடுத்துக்கொள்கிறார். தம் வரையறைப்படி யார் பக்கம் தராசு சாய்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அதை நாகரிகத்தின் சீரழிவு என்று வருந்துகிறார். அந்த வருத்தத்துக்கு வேண்டிய எடைக்கல் அவருடைய உயிரியலில் கிடையாது. அவர் பிறந்து வளர்ந்த வர்க்கத்திலிருந்து வந்தது. 1958-இல் அந்த நூலைத் திருத்தி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அந்த ஐந்து அத்தியாயங்களும் அதிலும் இருக்கின்றன.